நிறுத்தியதும் தொடங்காததும்

திமிங்கிலம் பார்க்க அப்பாவை அழைத்துப் போகலாம் என்றது அக்காதான். அவள் பிரிஸ்பனில் இருக்கிறாள். அங்கிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் பைரன் முனை, ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி. முனையைச் சுற்றி 3.7 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. படிகள் நிறைய. அப்பாவுக்காக மேலேயே காரை நிறுத்திவிட்டு, 1901இல் கட்டிய கலங்கரை விளக்கத்தை ஒட்டிய சுலபமான பகுதியில் மட்டும் நடந்தோம்.

ஜூலை மாதக் குளிர். அண்டார்டிக் கடலிலிருந்து ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் குட்டி போட வடக்கே வெதுவெதுப்பான கடலுக்குப் போகும் காலம். நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அவை இந்த முனைக்குப் பக்கமாகவே கடந்து போகின்றன. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு அப்பாதான் முதலில் பார்த்தார்.

"அதோ, பொகை மாதிரி!"

மூச்சு. அதன் பின்னால் கருத்த முதுகு ஒன்று எழுந்து அடங்கியது.

வருவதற்கு முன் நான் படித்திருந்ததை அவரிடம் சொன்னேன். இந்த முனைக்குப் பின்னாலிருக்கும் ஊரில் 1954 முதல் 1962 வரை திமிங்கில வேட்டை நிலையம் இருந்தது. இன்று நாம் பார்க்க வருவதற்கும் அன்று அவர்கள் கொல்ல வந்ததற்கும் காரணம் ஒன்றுதான்: பக்கத்தில் கடந்து போகின்றன. அதே சமயம் தெற்கே சோவியத் கப்பல்கள் கணக்கில் காட்டாமல் ஆயிரக்கணக்கில் கொன்றுகொண்டிருந்தன. முடிவில் இந்தக் கிழக்குக் கரையில் மிஞ்சியது சில நூறு.

"அப்புறம் ஏன் நிறுத்துனாங்க?" என்றார் அப்பா.

"திமிங்கிலம் தீந்துபோச்சுப்பா. அதான்."

சொல்லும்போது என் குரலில் ஒரு குத்தல் இருந்தது. அது திமிங்கிலத்தைப் பற்றியது மட்டுமல்ல.

அப்பா குடியை நிறுத்தி ஆறு வருடமாகிறது. மனம் திருந்தி நிறுத்தவில்லை. ஈரல் தாங்காது என்று டாக்டர் சொன்னார், நிறுத்தினார். அம்மா பதினெட்டு வருடம் அழுதபோது நிறுத்தாதவர். நான் தொழிற்சாலையில் பழுது ஆராயும் இஞ்சினியர். ஒரு கோளாறு தானாக மறைந்துவிட்டால் நாங்கள் சந்தோஷப்படுவதில்லை. ரூட் காஸ் என்னவென்று தெரியாமல் அறிக்கையை மூடக் கூடாது. அப்பாவின் அறிக்கையை நான் ஆறு வருடமாக மூடவில்லை.

வேட்டை நின்ற கதையும் அப்படித்தான். ஹம்ப்பேக் வேட்டைக்குத் தடை வந்தது 1963இல், நிலையம் மூடிய பிறகு. மனசாட்சிதான் காரணமென்றால், அதே நாடு மேற்கே ஆல்பனியில் ஸ்பெர்ம் திமிங்கிலங்களை 1978 வரை வேட்டையாடியிருக்குமா? எனவே இதில் அறம் எதுவும் இல்லை என்பது என் முடிவு.

அப்பா கடலைப் பார்த்தபடியே கேட்டார், "இப்ப எத்தன இருக்கு?"

"நாப்பதாயிரம் பக்கம் இருக்குமுன்னு சொல்றாங்க. 2022ல ஆபத்துப் பட்டியல்லருந்தே எடுத்துட்டாங்க."

"அவ்வளவு வந்திருச்சா? அப்பறம் ஏன் திரும்ப ஆரம்பிக்கல?"

என்னிடம் பதில் இல்லை. நிறுத்தியதற்கான காரணத்தை மட்டுமே தேடியிருக்கிறேன். தொடங்காததற்கும் ஒரு காரணம் வேண்டும் என்று யோசித்ததே இல்லை. தீர்ந்துபோனதால் நின்றது என்றால், திரும்பி வந்ததும் தொடங்கியிருக்க வேண்டுமே.

இதற்கும் சாதாரணப் பதில்கள் உண்டு. திமிங்கில எண்ணெய்க்கு இப்போது சந்தை இல்லை, சுற்றுலாவில் காசு வருகிறது, சட்டம் இருக்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்தை யாரோ போராடிக் கேட்டார்கள், யாரோ இன்றுவரை காக்கிறார்கள். நின்றது ஒரு தடவை நடந்தது. தொடங்காமலிருப்பது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. முதலாவது கட்டாயமாக இருக்கலாம். இரண்டாவதை முழுக்கக் கட்டாயம் என்று சொல்லிவிட முடியுமா?

எங்கள் தாமான் முனையில் ஒரு கோப்பிக்கடை இருக்கிறது. பியர் கிடைக்கும். அப்பாவின் பழைய கூட்டாளிகள் இன்னமும் அங்கேதான். இரண்டு வருடம் முன்பே டாக்டர் ஈரல் தேறிவிட்டது என்று சொல்லிவிட்டார். அப்பா தினமும் சாயங்காலம் அந்தக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருகிறார். நான் அதை ஒரு நாள்கூட எண்ணியதில்லை.

இதனால் பழைய கணக்கு தீர்ந்துவிடாது. செத்த திமிங்கிலங்கள் செத்தவைதான். அம்மா அடகு வைத்த தாலிக்கொடி திரும்பி வரவில்லை, அம்மா அதை மறக்கவும் இல்லை. மன்னிப்பதா வேண்டாமா என்பது அவருடைய விஷயம். நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒருவர் ஏன் நிறுத்தினார் என்பதை வைத்து மட்டும் அவரை அளந்தால், பாதி அளவுதான் கிடைக்கும்.

"ஏழு," என்றார் அப்பா, காருக்குத் திரும்பும்போது. "நீ எத்தன பாத்த?"

நான் நாலுதான் பார்த்திருந்தேன்.