இழந்த மறுநாள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், அட்லாண்டிக் கரையோரம் நார்த் மிர்ட்டில் பீச் என்றொரு ஊர். அங்கே கடலுக்குள் நீண்டு நிற்கிறது செர்ரி குரோவ் கடற்பாலம். தூண்டில் போடுகிறவர்களுக்கென்றே கட்டிய மரப்பாலம் அது. 1964 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, வால்டர் மேக்ஸ்வெல் என்ற கொத்தனார் அந்தப் பாலத்தில் நின்றபடி ஒரு புலிச்சுறாவைப் பிடித்தார். எடை 1,780 பவுண்டு. நம் கணக்கில் ஏறத்தாழ 807 கிலோ. தூண்டிலில் பிடிபட்ட புலிச்சுறாக்களில் உலகச் சாதனையாக அது பதிவாயிற்று. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கரையில் அவர் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னை ஈர்ப்பது அந்த ஞாயிற்றுக்கிழமையைவிட அதற்கு முந்தைய சனிக்கிழமைதான். அன்றும் அவர் அதே பாலத்தில்தான் நின்றார். அன்று தூண்டிலில் சிக்கியது இதைவிடப் பெரிய சுறா என்கிறார்கள். போராடிப் பார்த்தார். அது தப்பிப் போய்விட்டது. வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தாலே பெரிது என்று சொல்லத்தக்க ஒன்று, கைக்கெட்டி, கை நழுவிப் போயிற்று. அன்றிரவு அவர் மனத்தில் என்ன ஓடியதென்று நாம் சொல்ல முடியாது. மறுநாள் அவர் எங்கே நின்றார் என்பது மட்டும் தெரியும். அதே பாலத்தில், அதே கடலைப் பார்த்து நின்றார்.

அந்தக் கைகள் என்ன செய்தன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அவர் கையில் இருந்த தூண்டில் நரம்பு 130 பவுண்டு இழுவையைத் தாங்கக்கூடியது. அதாவது 59 கிலோ. மறுமுனையில் 800 கிலோ உயிர். படகில் இருப்பவர் மீன் போகும் பக்கம் படகைத் திருப்பலாம். பாலத்தில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. இருக்கிற இடத்திலேயே நின்றுதான் ஆக வேண்டும். அவருக்குத் துணை, நரம்பைச் சுற்றும் ரீலில் உள்ள பிரேக் ஒன்றே. அதை மிகவும் இறுக்கினால் நரம்பு அறுந்துவிடும். மிகவும் தளர்த்தினால் சுற்றியிருக்கும் நரம்பெல்லாம் கடலுக்குள் ஓடிவிடும். மீன் இழுக்கும்போது விட்டுக்கொடுத்து, அது களைக்கும்போது சுற்றி, மறுபடி விட்டுக்கொடுத்து, நான்கு மணி நேரத்துக்கு மேல் இப்படியே போயிற்று. பலத்தால் நடந்த காரியமென்று இதைச் சொல்ல முடியாது. எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்ற நிதானம்தான் அந்த மெல்லிய நரம்பைக் கடைசிவரை அறாமல் காத்தது.

நம் மரபு விட்டுவிடுவதைப் பற்றிப் பேசும்போது ஒரு மீனவரையே முன்னால் நிறுத்துகிறது. நாகப்பட்டினம் கடற்கரையின் அதிபத்த நாயனார், வலையில் வரும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். நாளுக்கு ஒரே மீன் கிடைத்த பஞ்ச காலத்திலும் அதை விட்டார். பொன்னும் மணியுமாக ஒளிர்ந்த மீன் வந்தபோதும் விட்டார். அது விரும்பிச் செய்த துறவு. அந்த உயரம் நமக்கு எளிதில் எட்டாது. நம்மில் பெரும்பாலோருக்கு வாய்ப்பது மேக்ஸ்வெலின் சனிக்கிழமைதான். நாம் விடுவதில்லை, நம்மிடமிருந்து போய்விடுகிறது. அப்படிப் போன பிறகு கசப்பில்லாமல் கடமைக்குத் திரும்பினால், அதுவும் துறவின் ஒரு படி என்றே நான் நம்புகிறேன்.

கிடைத்ததாவது முழுதாக நம்முடையதா? அந்தச் சுறாவை மறுநாள்தான் எடை போட முடிந்தது. இரவெல்லாம் கிடந்ததில் உடலின் நீர் வற்றி, அதன் உண்மையான எடையில் ஒரு பங்கு குறைந்துபோயிருக்கும் என்று சொல்கிறார்கள். 2004-இல் ஆஸ்திரேலியாவின் அல்லடல்லா அருகே கெவின் கிளாப்சன் என்பவர் 1,785 பவுண்டு 11 அவுன்ஸ் எடையுள்ள புலிச்சுறாவைப் பிடித்தார். ஏறக்குறைய ஆறு பவுண்டு கூடுதல். ஆனாலும் பழைய சாதனையை முறியடிக்க அரை சதவீதமாவது கூடுதல் வேண்டும் என்பது விதி. அதனால் இரண்டும் சமம் என்று எழுதிக்கொண்டார்கள். நாற்பது ஆண்டு இடைவெளியில், இரு பெருங்கடல்களில் தூண்டில் போட்ட இருவர் ஒரே வரியில் வந்துவிட்டார்கள். எது பெரிது, யார் பெரியவர் என்ற கேள்வி ஓர் எல்லைக்கு மேல் பொருளிழந்துவிடுகிறது.

அந்தச் சுறாவையும் நினைக்க வேண்டும். புலிச்சுறா குஞ்சுகளை உயிரோடு ஈனும் இனம். ஓராண்டுக்கு மேல் வயிற்றில் சுமக்கும். இத்தகைய உயிர் 800 கிலோவாக வளர நெடுங்காலம் ஆகும். செர்ரி குரோவ் பாலத்தில் இன்று சுறா பிடிக்க அனுமதி இல்லை. சுறாவைப் பிடித்தாலும் உயிரோடு கடலில் விடுவதே பெருமை என்று தூண்டில்காரர்கள் பலர் இன்று எண்ணுகிறார்கள். மனிதனின் மனம் இப்படிக் கனிவதும் ஒரு சாதனைதான். எடைத்தட்டு அதை அளக்காது. பாலமும் நிலையானதில்லை. 2022 செப்டம்பரில் இயன் புயல் அந்தப் பாலத்தின் ஒரு பகுதியையே அடித்துக்கொண்டு போயிற்று. மரமும் போகும், மீனும் போகும், எண்ணும் ஒருநாள் மாறும்.

ஆகவே, அன்பரே, உங்கள் கையை விட்டுப் போனது எதுவாக இருந்தாலும், அது எவ்வளவு பெரியது என்று அளந்துகொண்டே இருக்காதீர்கள். வேலையோ, உறவோ, வருடக்கணக்கில் காத்திருந்த வாய்ப்போ, போனதை வணங்கி விடை கொடுங்கள். மறுநாள் காலையில் எழுந்து, உங்கள் இடத்தில், உங்கள் கடமைக்கு முன்னால் போய் நில்லுங்கள். கிடைப்பதும் கிடைக்காததும் கடலின் விருப்பம். திரும்பிப் போய் நிற்பது மட்டுமே நம்முடையது. அதைத் தவறாமல் செய்யுங்கள்.