யானைத்தீயும் அமுதசுரபியும்

மின்சாரம் கண்ணுக்குப் புலப்படாத பொருள். ஆயினும் அது பொதுப்பொருள். தட்டுப்பாடு நேருங்கால் ஒருவர் மிகுதியாக எடுத்துக்கொண்டது மற்றொருவர் இழந்ததேயாகும். ஆகையால் அதனைப் பங்கிடும் முறை பொறியியலாருக்கு மட்டும் உரிய விஷயமன்று. அறத்தை ஆராய்வோர்க்கும் உரியது. தரவு மையங்கள் எனப்படும் பெருங் கணிப்பொறிக் கூடங்கள் நாட்டின் மின்சாரத்தை விழுங்கிவிடுமோ என்று இந்நாளில் எழுந்துள்ள விவாதத்தைத் தம்ம நோக்கிற் காண்போம்.

முதலில் உள்ளதை உள்ளவாறு அறிதல் வேண்டும். நாம் கைபேசியில் அனுப்பும் செய்தியும், வங்கிக் கணக்கும், ரயில் பயணச்சீட்டும், செயற்கை அறிவு யந்திரத்திடம் கேட்கும் கேள்வியும் ஆகாயத்தில் மிதப்பனவல்ல. எங்கோ ஒரு கட்டடத்தில் வரிசை வரிசையாக நிறுத்திய கணிப்பொறிகளில் அவை தங்குகின்றன. அப்பொறிகள் இரவும் பகலும் ஓய்வின்றி இயங்குதற்கு மின்சாரம் வேண்டும். இயங்குவதால் எழும் வெப்பத்தை ஆற்றுதற்கு மீண்டும் மின்சாரமும், பலவிடங்களில் தண்ணீரும் வேண்டும். பன்னாட்டு எரிசக்தி முகமை 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024-ஆம் ஆண்டில் உலகத் தரவு மையங்கள் உட்கொண்டது ஏறத்தாழ 41,500 கோடி யூனிட். அஃதாவது உலக நுகர்வில் ஒன்றரை விழுக்காடு. 2030-இல் அது 94,500 கோடி யூனிட்டாகக் கூடும் என்பது அம்முகமையின் மதிப்பீடு.

ஒன்றரை விழுக்காடு அற்பமெனத் தோன்றலாம். ஆனால் பசி எல்லா இடத்திலும் ஒருசேர எழுவதில்லை. அயர்லாந்து நாட்டில் 2015-இல் மொத்த மின் நுகர்வில் 5 விழுக்காடாக இருந்த தரவு மையங்களின் பங்கு, 2023-இல் 21 விழுக்காடாயிற்று. அந்நாட்டு நகர வீடுகளனைத்தும் சேர்ந்து கொண்ட பங்கினும் அது மிகுதி. ஆகவே 2021-இலேயே அந்நாட்டு ஒழுங்காணையம், புதிதாக இணைப்புக் கேட்கும் மையம் எவ்விடத்தில் அமைகிறது, தனக்கு வேண்டியதைத் தானே உற்பத்தி செய்யவல்லதா, நெருக்கடி நேரத்தில் நுகர்வைக் குறைத்துக்கொள்ளுமா என்று கேட்கத் தொடங்கிற்று.

நம் நாட்டில் அப்பங்கு இன்று சிறிதே. ஆயினும் வளர்ச்சி விரைவானது. தமிழ்நாடு 2021-இல் தரவு மையங்களுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் 2022-இல் பெரியதொரு மையம் திறக்கப்பட்டது. விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் மையம் அமைப்பதாகக் கூகுள் நிறுவனம் 2025 அக்டோபரில் அறிவித்தது. 2013 டிசம்பர் இறுதியில் தென்மண்டலமும் இணைந்தபின், நாடு முழுவதும் ஒரே மின்தொகுப்பாயிற்று. சிறுசேரியில் ஒரு பொறி சுழல்வதும் ஜனக்புரியில் ஒரு விளக்கு எரிவதும் ஒரே வலையில் நிகழ்வன. 2012 ஜூலை 31-இல் அவ்வலையின் பெரும்பகுதி அறுந்தபோது அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பில் மின்சாரம் நின்றது. இது இருப்பதால் அது உளதாகிறது, இது இல்லாதவழி அது இல்லாதொழிகிறது என்னும் சார்பிற்றோற்றக் கொள்கைக்கு இதனினும் தெளிவான உவமை வேண்டுவதில்லை.

2024 ஜூன் 19-இல் டில்லியின் மின்தேவை 8,656 மெகாவாட் என்னும் அளவை எட்டிற்று. அன்று நகரின் மிகக்குறைந்த வெப்பநிலையே 35 டிகிரிக்கு மேலிருந்தது. அத்தகைய இரவில் ஜனக்புரியின் மாடிவீட்டில் குளிர்சாதனம் நின்றால் அது அசௌகரியம். அதே தெருவில் துணி தேய்ப்பவரும் காவற்காரரும் குடும்பத்தோடு உறங்கும் தகரக்கூரை அறையில் மின்விசிறி நின்றால் அது உயிருக்கு ஆபத்து. மின்சாரத்தில் எல்லா யூனிட்டும் ஒரு விலையாகலாம், ஒரு மதிப்பாகா.

விவாதிப்போர் இரு திறத்தார். ஒரு சாரார், இவ்யந்திரங்கள் நாட்டின் முன்னேற்றம், ஆதலின் கேட்டதெல்லாம் கொடுக்க என்பர். மற்றொரு சாரார், இவை செல்வரின் விளையாட்டு, ஆதலின் கதவடைக்க என்பர். இரண்டாவது கூற்றை நாம் எளிதில் ஏற்றல் இயலாது. போதிசத்துவர் டாக்டர் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையுடன் மின்சாரத்தையும் பொறுப்பேற்றிருந்தார் என்பதை நம்மவரிற் பலர் அறியார். மின்சாரம் மலிவாகவும் நிறைவாகவும் கிடைத்தல் வேண்டும், தொழில் பெருகாது இந்நாட்டின் வறுமை ஒழியாது என்று 1943 அக்டோபரில் கொள்கைக் குழுவின் தலைவராக அவர் வலியுறுத்தினார். 1944-இல் மத்திய மின்சாரத் தொழில்நுட்ப வாரியம் தோன்றியதும் அவர் காலத்தேதான். அவர் யந்திரத்தை வெறுத்தவரல்லர். ஆனால் அவர் வேண்டிய மின்சாரம், நிலமற்றவனை வறுமையினின்று மீட்பதற்கு வேண்டிய மின்சாரம். எவ்வளவு என்பதோடு எதற்கு, யாருக்கு என்பதையும் சேர்த்தே அவர் கேட்டார்.

அக்கேள்விக்கு அளவுகோல் நம் மணிமேகலையில் உள்ளது. காயசண்டிகை என்னும் விஞ்சைமகள், விருச்சிக முனிவன் பன்னீராண்டுக்கொருமுறை உண்ணுதற்கு வைத்திருந்த நாவற்கனியைக் காலாற் சிதைத்தாள். அவன் பசித்து நின்றான். அவளை யானைத்தீ என்னும் தீராப்பசி பற்றிற்று. எவ்வளவு உண்டும் ஆறவில்லை. பிறர் உணவை மிதித்தவளுக்கே அப்பசி வந்தது என்பதை நோக்குக. ஆபுத்திரனோ எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கையில் வைத்திருந்தும், உண்பிக்க ஒருவருமில்லாத மணிபல்லவத்தில் தான் மட்டும் உண்ண ஒருப்படாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விடுத்து உண்ணாதிருந்து உயிர் நீத்தான். ஒன்று உண்ணுந்தோறும் வளரும் பசி; மற்றொன்று பிறர்க்கு ஊட்டுவதற்கன்றி வாழாத பாத்திரம்.

தரவு மையம் இவ்விரண்டில் எது? இரண்டுமாகலாம். புயல் எச்சரிக்கையை மீனவனுக்கு முன்கூட்டி அறிவிப்பதும், சிற்றூர் நோயாளியின் படத்தை நகர மருத்துவர் காண உதவுவதும், பாளித் திரிபிடகத்தை ஏழை மாணவன் கைக்குக் கொணர்வதும் அமுதசுரபியின் செயல். மனிதரின் கவனத்தைக் கவர்ந்து விளம்பரத்துக்கு விற்பதும், வேண்டாத படங்களைக் கோடிக்கணக்கில் உற்பத்தி செய்து குவிப்பதும் யானைத்தீ. இரண்டும் ஒரே கூரையின்கீழ், ஒரே கம்பியிலிருந்து உண்கின்றன. இதுவே இவ்விஷயத்தின் இடர்ப்பாடு.

சந்தை இவ்விரண்டையும் பிரித்தறியாது; பணம் கொடுப்பவனுக்குக் கொடுக்கும். ஆகையால் பொது நீதி பிரித்தறிதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டு மின்பஞ்சத்தின்போது சென்னையில் இரண்டு மணி நேரமும், பிற மாவட்டங்களில் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் மின்வெட்டு இருந்ததை நம் உறவினர் மறந்திரார். குறைவு வருங்கால் குரலற்றவன் கம்பியே முதலில் துண்டிக்கப்படுகிறது. நிறைவு வருங்காலும் அதன் புகை அவன்மேலேயே படிகிறது. டில்லியின் பதர்ப்பூர் அனல்மின் நிலையம் 2018-இல் மூடப்பட்டது; இங்கே காற்றுக்கு நன்று. எனினும் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்றும் நிலக்கரியாலேயே ஆகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனவர் பிழைப்புக் கெட்டதை அறிவோம். நுகர்வு ஓரிடத்தும் துக்கம் ஓரிடத்துமாகப் பிரிந்துவிட்டால், நுகர்வோன் தன் செயலின் பயனைக் காணான், காணாதவன் திருந்தான்.

ஆகவே நாம் கேட்கவேண்டுவன மூன்று. புதிய மையம் எதுவாயினும், தான் உண்ணும் அளவுக்குப் புதிய தூய மின்சாரத்தைத் தொகுப்பில் சேர்த்தபின் உண்ணட்டும். எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் கொள்கிறது என்பதை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிடட்டும். தட்டுப்பாடு நேரும் கோடை இரவில், மருத்துவமனையையும் ஏழையின் வீட்டையும் காத்து, பொறுக்கத்தக்க கணிப்பு வேலைகளை அது நிறுத்தட்டும். இவை முன்னேற்றத்துக்குப் பகையல்ல; முன்னேற்றம் இன்னாருக்கு என்று முகவரி எழுதுவதேயாகும்.

பிறரைக் கேட்பவன் தன்னையும் கேட்டுக்கொள்ளல் வேண்டும். உதயண மன்னன் அந்தப்புர மகளிர் ஐந்நூறு ஆடைகளை ஆனந்த தேரருக்கு ஈந்தபோது, இத்துணை ஆடைகளை என் செய்வீர் என்று அரசன் வினவினான். கிழிந்த ஆடை உடுத்த பிக்குகளுக்குப் பகிர்வேன் என்றார் தேரர். பழையன விரிப்பாகும், பின்னர்த் தரைத்துணியாகும், கால்துடைப்பாகும், இறுதியில் மண்ணொடு பிசைந்து தரை பூசப்படும் என்று அவர் சொல்லக் கேட்டு, அரசன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஈந்தான். தேரர் ஈகையை மறுத்திலர், வீணாக்கவுமிலர். நடுவழி என்பது இதுவே. கைபேசியைத் துறக்கவேண்டுவதில்லை, காரணமின்றித் தொடாதிருக்கலாம். குளிர்சாதனத்தை உடைக்கவேண்டுவதில்லை, கம்பளி போர்த்துக்கொள்ளுமளவு குளிர்விக்காதிருக்கலாம். நாம் விடுத்த யூனிட்டு யார் அறையின் விசிறியைச் சுழற்றிற்று என்பதை ஒருபோதும் அறியோம். அறியாத ஒருவர்க்கு ஈவதே தானத்திற் சிறந்தது. நிறுவனங்களிடம் கேட்கும் நியாயத்துக்கு வலிமை தருவதும் அவ்வொழுக்கமே.