பொதுவான முஸீபத்தும் தனியான நஷ்டஈடும்

கொள்ளை நோயை முன்னிட்டு அரசு கடைகளை அடைக்கச் சொல்லிவிட்டால், அந்நாட்களில் வரவேண்டியிருந்து வராமற்போன வருமானத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகுமா? ஆகுமென்றால் அதைக் கேட்டு வாங்குவது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதா? 2020 மார்ச் 25 முதல் நாடே அடைக்கப்பட்டதிலிருந்து வியாபாரிகள் மத்தியில் இருந்துவரும் மஸ்அலா இது. அன்று கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்கள் நின்றன. எட்டயபுரத்தின் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடவில்லை. ரமளானும் நோன்புப் பெருநாளும் அடைப்புக்குள்ளேயே வந்து போயின. மழை பொய்ப்பது கரிசல்காட்டு மக்களுக்குப் பழக்கமான நஷ்டம். இதுவோ மழை பெய்தும் பிழைப்பு நின்ற நஷ்டம்.

பாங்கில் கடன் வாங்கித் தொழில் நடத்துகிறவர் பெரும்பாலும் தீ பாலிசி எடுத்தே ஆகவேண்டியிருக்கிறது. அதனுடன் இலாப இழப்புக்கென்று தனியே பிரீமியம் கட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் நம் நாட்டில் வழக்கமாக விற்கப்படும் அந்தப் பாலிசியின் ஷரத்து என்ன? கட்டடமோ இயந்திரமோ சரக்கோ தீ முதலியவற்றால் சேதமடைந்து, அச்சேதத்தால் தொழில் நின்றிருக்க வேண்டும். நோய் வந்தால் சுவர் இடிவதில்லை, இயந்திரம் எரிவதில்லை. ஆகவே பாலிசி கையில் இருந்தும் நஷ்டஈடு கிடைக்க வழியில்லை. இதில் கம்பெனியைக் குறை சொல்ல இடமில்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று மாயிதா சூராவின் தொடக்கத்தில் அல்லாஹுத் தஆலா கட்டளையிடுவது நமக்குச் சாதகமான ஷரத்துகளைப் பற்றி மட்டுமல்ல.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. அங்கே பல பாலிசிகளில், கடைக்கு 25 மைல் சுற்றளவுக்குள் அறிவிக்கத்தக்க தொற்றுநோய் ஏற்பட்டு அதனால் வியாபாரம் தடைப்பட்டால் ஈடு தருவோம் என்று எழுத்திலேயே இருந்தது. நோய் வந்ததும் கம்பெனிகள் சொன்ன வாதத்தை நாம் கவனிக்கவேண்டும். "உங்கள் 25 மைலுக்குள் நோய் இல்லாதிருந்தாலும் நாடு முழுவதும் அடைக்கப்பட்டுத்தான் இருக்கும், உங்களுக்கு நஷ்டம் எப்படியும் வந்திருக்கும், எனவே நாங்கள் பொறுப்பல்ல" என்பதே அதன் சாரம். எல்லாருக்கும் வந்ததாலேயே ஒருவருக்கும் தரவேண்டியதில்லை என்று ஆகிறதல்லவா! நிதித்துறை ஒழுங்காணையம் 8 கம்பெனிகளின் 21 மாதிரிப் பாலிசிகளை எடுத்து வழக்குத் தொடுத்தது. 2021 ஜனவரி 15 அன்று அந்நாட்டின் உச்சநீதிமன்றம் பெரும்பாலும் பாலிசிதாரர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஒவ்வொரு நோயாளியின் நோயும் சேர்ந்துதான் அந்த அடைப்பைக் கொண்டுவந்தது. ஆகவே ஒவ்வொன்றும் காரணமே என்றது. சுமார் 3,70,000 பாலிசிதாரர்கள் இதனால் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று கணக்கிடப்பட்டிருந்தது.

அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா புயலில் சேதமடைந்த ஒரு ஹோட்டலின் வழக்கில், ஊரே அழிந்துவிட்டதால் ஹோட்டலுக்கு நஷ்டம் எப்படியும் வந்திருக்கும் என்று 2010-இல் இலண்டனில் தீர்ப்பாகியிருந்தது. கம்பெனிகள் பெரிதும் நம்பியது அதைத்தான். அத்தீர்ப்பை வழங்கிய நீதிபதியும், அதற்கு முன் அவ்வழக்கின் மத்தியஸ்தர்களில் ஒருவராக இருந்தவரும் 2021-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகளாக அமர்ந்திருந்தார்கள். பழைய முடிவு தவறு என்று அவர்களே அதை நீக்கினார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பழைய சொல்லையும் புதிய சொல்லையும் ஓதியவர்களுக்கு இது விந்தையாக இராது.

இனி ஷரீஅத்தின் பார்வைக்கு வருவோம். ஒருவர் தம் சகோதரருக்குக் கனிகளை விற்று, பின்னர் அவற்றை ஆஃபத்து தாக்கிவிட்டால், அதற்குரிய விலையை வாங்குவது ஹலால் இல்லை என்றும், எந்த உரிமையில் சகோதரரின் பொருளை எடுக்கிறீர் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதாக ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மூன்றில் ஒரு பங்கு சேதத்தை எல்லையாக வைத்தார்கள். ஹன்பலி மத்ஹபின் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் (மறைவு 1223) வாடகை விஷயத்தில் எழுதியது நம் மஸ்அலாவுக்கு இன்னும் நெருக்கமானது. ஊருக்குப் பொதுவான அச்சம் ஏற்பட்டு அவ்விடத்தில் குடியிருக்க முடியாமற்போனால் வாடகைதாரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அச்சம் அவருக்கு மட்டும் உரியதாயின் அவ்வுரிமை இல்லை என்கிறார்கள்.

இலண்டனில் கம்பெனிகள் வாதாடியதற்கு இது நேர் எதிரிடை. அவர்களிடம் பொதுத்தன்மை உரிமையைப் பறிக்கும் காரணம்; நம் இமாமிடம் அதுவே உரிமையைத் தரும் காரணம். ஏனிந்த வித்தியாசம்? பலர் கட்டிய பணத்தில் சிலருக்குக் கொடுப்பது இன்ஷூரன்ஸ். எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்கவேண்டி வந்தால் அந்தப் பெட்டி காலியாகிவிடும். இதை நாம் மறுக்கமுடியாது. ஆனால் வாடகை விஷயத்தில் பெட்டி என்று எதுவும் இல்லை. இருப்பவர்கள் இருவர், கடை பயன்படாத நாளின் சுமை அவ்விருவரில் யாருடையது என்பதே கேள்வி.

க்ளைம் வாங்குவது பற்றி: பிரீமியம் கட்டிப் பெறும் வர்த்தக இன்ஷூரன்ஸில் கரர், அதாவது நிச்சயமின்மை, இருப்பதால் அது ஆகாது என்று 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாதமி முடிவெடுத்தது, பரஸ்பர உதவி முறையை அதற்கு மாற்றாகக் காட்டியது. நம் நாட்டு ஃபிக்ஹு அகாதமியோ 1990-களின் தொடக்கத்தில், கலவரங்களில் முஸ்லிம்களின் உயிரும் பொருளும் படும் பாட்டைக் கருதிச் சலுகை அளித்தது. பாங்கின் நிர்ப்பந்தத்தால் பாலிசி எடுத்தவர் தாம் கட்டிய தொகையளவுக்குத் தயங்கவேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டதில், சலுகையைப் பின்பற்றுகிறவர் உண்மையான நஷ்டத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது என் கருத்து. இல்லாத சரக்கைக் கணக்கில் ஏற்றி சர்வேயரிடம் காட்டுவது எந்த மத்ஹபிலும் ஹராம்.

கடைசியாக, நம் கையிலேயே இருக்கும் ஒரு விஷயம். பள்ளிவாசல்கள் பலவற்றுக்கு வக்ஃபுக் கடைகள் உண்டு. அடைப்புக் கால வாடகையை விட்டுக்கொடுக்கலாமா என்று முத்தவல்லிகள் கேட்கிறார்கள். வக்ஃபுக்குச் சேரவேண்டிய பாக்கியைத் தம் விருப்பம்போல் தள்ளுபடி செய்ய முத்தவல்லிக்கு உரிமையில்லை; அந்தப் பயம் நியாயமானதே. ஆயினும் தகுந்த உஜ்ர் ஏற்பட்டால் வாடகை ஒப்பந்தம் முறியும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். வியாபாரத்துக்கென்று கடைத்தெருவில் கடை பிடித்தவனின் முதல் அழிந்துபோவதை ஹிதாயா அதற்கு உதாரணமாகக் காட்டுகிறது. அவ்வாறு முறிந்த மாதங்களுக்கு வாடகைக் கடன் பிறக்கவே இல்லை. பிறக்காத கடனைத் தள்ளுபடி செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வாடகைதாரர் அந்த உஜ்ரை அப்போதே ஜமாஅத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, சரக்கையும் உள்ளே பூட்டி வைத்திருந்தவர், கடையைக் கிடங்காகப் பயன்படுத்திய அளவுக்கு வாடகை கொடுக்கத்தான் வேண்டும். அது எவ்வளவு என்பதை அவ்வூர்க் கிடங்கு வாடகையை வைத்து ஜமாஅத்தார் நிர்ணயிக்கலாம்.