உன் கண்ணை நம்பு!

"காட்டுயிர்கள் அழிகின்றனவே" என்று பெருமூச்சு விடுகிறாய். அடுத்த மூச்சில், "நான் என்ன விஞ்ஞானியா? என்னால் என்ன ஆகும்?" என்கிறாய். அந்த இரண்டாவது மூச்சை இன்றோடு நிறுத்து!

2023இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்து, 178 வகைகளுக்கு அவசரப் பாதுகாப்பு தேவை என்றது. அதற்கு அடிப்படையான 3 கோடிப் பதிவுகளைத் தந்தவர்கள் யார் தெரியுமா? 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள். பெரும்பாலோர் கூலி வாங்காமல், விடியலில் ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் நின்று குறித்தவர்கள்.

பனங்காடையை எடுத்துக்கொள். மின்கம்பியில் சும்மா உட்கார்ந்திருக்கும். பறந்தால் சிறகில் நீலம் கொட்டும். அதற்கு ஆபத்து என்று யார் நினைத்தோம்? சில ஆண்டுகளில் 30 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதை அந்த ஆர்வலர்கள் குறித்த பட்டியல்கள்தான் காட்டிக்கொடுத்தன. உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் உலகச் செம்பட்டியலில் அதன் நிலையை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று அறிக்கை கேட்டது. ஊர் ஊராகப் போய் அத்தனை கம்பிகளையும் எந்த விஞ்ஞானியால் பார்த்துவிட முடியும்? உன் ஊர்க் கம்பியை நீதான் பார்க்கவேண்டும்!

வேலை கடினமா? 15 நிமிடம் ஓரிடத்தில் நில். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று குறி. அடையாளம் தெரிந்த பறவை அத்தனையும் எழுது. காக்கையையும் எழுது! "காக்கையைப் போய் எழுதுவதா?" என்று சிரிக்காதே. 100 பட்டியலில் எத்தனையில் ஒரு பறவை இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் ஒப்பிட்டுத்தான் அது பெருகுகிறதா, தேய்கிறதா என்று கணிக்கிறார்கள். அரிய பறவையை மட்டும் எழுதி மற்றதை விட்டால் கணக்கே கோணலாகும். காணாததை எழுதாதே, ஐயமிருந்தால் விட்டுவிடு. பத்துப் பறவைதான் தெரியுமா? பத்தோடு தொடங்கு. அடுத்த மாதம் இருபது தெரியும். தெரியாமல் எங்கே போகும்!

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். படத்துக்காகக் கூட்டை நெருங்கித் தாய்ப்பறவையை விரட்டுபவன், கையில் எவ்வளவு பெரிய கேமரா இருந்தாலும், இந்தக் கூட்டத்தில் சேர்த்தியில்லை.

2015 முதல் தமிழகத்தில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உனக்கும் அதில் இடமுண்டு. ஆனால் தை வரை ஏன் காத்திருக்கிறாய்? நாளைக் காலை மொட்டைமாடிக்கு ஏறு. 15 நிமிடம் பார். பார்த்ததை இ-பேர்ட் செயலியில் பதிவு செய். மறுநாளும் ஏறு!