அரைப் பேர்

பதுளை, பசறை, நமுனுகுல மலைகளின் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று பெற்றோர் இட்டது. மற்றொன்று செக்ரோலில் விழும் ஒரு நாள் வேலை. பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் அன்றைக்கு ‘அரைப் பேர்’தான். காலையில் முழு மனுஷியாக மலையேறியவள் மாலையில் பாதிப் பேரோடு லயத்துக்குத் திரும்புகிறாள். பெயர் அதைத் தாங்குபவனுக்குச் சொந்தமா, ஏட்டில் எழுதுபவனுக்குச் சொந்தமா என்ற வினா வெறும் தத்துவப் பொழுதுபோக்கன்று என்பதற்கு இச்சொல்லே சான்று.

ஏட்டுக்காரனின் கை நம் நாட்டில் மட்டும் நீண்டதன்று. செக் மக்களின் குடும்பப் பெயர்களைப் பாருங்கள். நொவாக் என்றால் ஊருக்குப் புதிதாய் வந்தவன். துவோர்ஷாக் பண்ணை மாளிகையைச் சார்ந்தவன். நவ்ராத்தில் என்றால் ‘திரும்பி வந்தான்’. எவனோ ஒருவனுக்கு நேர்ந்தது அவன் சந்ததி முழுவதற்கும் பெயராக உறைந்துவிட்டது. பொஹீமியாவில் 1781இல் பண்ணையடிமைத் தளையைத் தளர்த்திய இரண்டாம் யோசேப்பு மன்னனின் ஆட்சியில்தான் இப்பெயர்கள் பரம்பரையாக நிலைநிறுத்தப்பட்டன. தளை போயிற்று, பண்ணையின் பெயர் போகவில்லை. கசாப்புக்காரரின் மகனான இசைமேதை அந்தோனின் துவோர்ஷாக்கும் அதைச் சுமந்தே உலகம் சுற்றினார்.

நம் தோட்ட மக்களுக்கோ குடும்பப் பெயர் இல்லை. கங்காணியின் பின்னால் வந்தவர்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண் பொறித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. பெயர் அவர்கள் நெஞ்சில் மட்டுமே வந்தது. குப்பை, பிச்சை என்பவை ஏளனப் பெயர்களல்ல. பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், அடுத்ததையாவது எமன் கண் விட்டு மறைக்கச் செய்த தந்திரம் அது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலால்தான் அவன் பேரன். முனியாண்டியின் மகன் கருப்பன். கருப்பனின் மகன் முனியாண்டி. குடும்பப் பெயர் வேண்டுமென்று நாம் வாதிடவில்லை. நம்மிடையே அந்த இடத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் கேட்டது என்ன? உன் தந்தை இலங்கையில் பிறந்தாரென்று காட்டு. அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனரென்று காட்டு. பிறப்புப் பத்திரமே அரிதான லயத்தில், எந்த முனியாண்டி எந்தக் கருப்பனின் மகன் என்பதை எதைக் கொண்டு காட்டுவது? குடும்பத்துக்கு நினைவாக இருந்த பெயர், அதிகாரியின் மேசையில் குழப்பமாயிற்று. கூப்பிடுபவர்களின் வாயில் வாழ்வதே பெயர். ஏடு அதைக் கேட்டு எழுத வேண்டியதேயன்றி, அதற்குத் தீர்ப்பளிக்க உரிமையுடையதன்று என்பதே நம் கட்சி. உண்மையில் நடந்தது வேறு. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; மீதி 1,50,000 பேரைப் பின்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கியது. பதுளையில் பிறந்து, இராமேஸ்வரத்தைக் கண்டேயிராதவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். செக் நாட்டு நவ்ராத்திலாவது தான் விட்டுப்போன ஊருக்குத் திரும்பியவன்!

எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. எழுத்துப் பிழைகள் நீங்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளி இடாப்பில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. இவை யாவும் தானே என்று அந்தப் பெண் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. அதற்காகப் பதுளை நகருக்குப் போகும் நாளில், செக்ரோலில் அவளுக்குப் பேர் இல்லை.