எழும்பாமல் இருப்பவர்கள்

ஆனித் திருவிழா இரவில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் வீதியில் மேளக்கச்சேரி என்றால் ஊர்ச்சனம் குடும்பம் குடும்பமாக மணலில் அமர்கிறது. அந்த இசைக்குச் சொற்கள் இல்லை. ஆகவே புரியவில்லை என்ற குறை எவருக்கும் இல்லை. நாதஸ்வரத்தின் ஏழு விரல் துளைகளில் அப்பா இராகத்தைத் தேடுகிறார். அம்மம்மாவுக்கு அதுவே வழிபாடு. அண்ணன் காத்திருப்பது தவில்கள் மாறி மாறி வாசிக்கும் சமாவுக்கு. சின்னவனுக்குக் கச்சான் போதும்.

1960களில் தவில் மேதை தட்சணாமூர்த்தியின் வாசிப்புக்காக விடியவிடிய இருந்து கேட்ட யாழ்ப்பாணத்துக்கு ஒன்று தெரியும்: ஒரு தவில் வித்துவான் வாசிக்கையில் மற்றவர் தாளம் போட்டுக் கேட்கிறார், கேட்டதனால்தான் அவர் முறை வரும்போது பதில் பொருந்துகிறது.

வீடும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே இரசனை வாய்ப்பது அரிது. வாய்க்க வேண்டியதும் இல்லை. தனக்குப் பிடித்தது முடிந்த பின்னும், பக்கத்தில் இருப்பவருக்குப் பிடித்தது முடியும்வரை எழும்பாமல் இருப்பவர்களால்தான் குடும்பம் குடும்பமாக இருக்கிறது.