பித்தளைத் தோடு பொய் சொல்லுமா?

பசறை, லுணுகலைத் தோட்டங்களில் கலியாணப் பேச்சு நடக்கும்போது ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. பெண்ணின் கழுத்தில் கிடப்பது பவுணா, கவரிங்கா? கவரிங் என்று தெரிந்ததும், "ஏமாற்றிவிட்டார்கள்" என்று முகம் சுளிப்போர் உண்டு. போலி நகை அணிவது பொய் சொல்வதாகுமா?

பாரிஸ் மாநகரில் 1910இல் தொப்பிக் கடையாகத் தொடங்கியது ஷனேல் என்னும் புகழ்பெற்ற ஆடை நிறுவனம். அதன் தலைவி கபிரியேல் ஷனேலிடம் மெய்யான முத்துக்கள் இருந்தன. ஆயினும் 1920களில் அவர் கண்ணாடியில் செய்த போலி முத்துக்களையும் அவற்றோடு கலந்து, பலரும் காண அணிந்தார். சீமாட்டிகள் பின்பற்றினார்கள். அக்காலத்துக் கண்ணாடி நகைகள் இன்று ஏலத்தில் பெரும் விலைக்குப் போகின்றன. அங்கே அதற்குப் பெயர் நாகரிகம். கொழுந்து பறிப்பவள் அணிந்தால் மட்டும் ஏமாற்றா?

பொய் என்பது ஏய்க்கும் எண்ணத்தில் இருக்கிறது, பித்தளையில் இல்லை. கவரிங்கைப் பவுண் என்று சொல்லிச் சம்பந்தம் முடிப்பது பாவந்தான். அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஏழைத் தகப்பனை அந்தப் பொய்க்குத் தள்ளுவது யார்? எத்தனை பவுண் என்று கேட்டவருக்கு அதில் பங்கில்லையா?

2022இல் ரூபாய் சரிந்து பவுண் விலை எகிறியது. அன்றைய நெருக்கடியில் நகையை அடகு வைத்து அரிசி வாங்கிய குடும்பங்கள் பல. மீட்க முடியாத நகை ஏலத்துக்குப் போகும். மஞ்சள் கயிற்றோடு பூசைக்கு வரும் தாயை ஏற இறங்கப் பார்ப்பவர்கள் இதை அறியாதவர்களா? தாலியை மந்திரிக்கும் குருவானவர் அதன் எடையைக் கேட்பதில்லை. சம்பந்திகள்தான் கேட்கிறார்கள், அதுவும் கோயில் வாசலிலேயே.